பி.டி. பீரியடில் கேள்வி கேட்கலாமா, ஓடவிட்டால் போதுமா?

விசில்காரன்:
அரசு உயர்நிலைப் பள்ளியில் 11 வருஷமாக பி.டி. சார். போன மாதம் ஒரு பயிற்சியில் 'விசாரணை முறைக் கற்றல்' என்று ஒரு தாள் கொடுத்தார்கள். பெயரைக் கேட்டால் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வருகிறது, அதனால் நான் தேடிக் கற்றல் என்று வைத்துக்கொண்டேன். விடையை முன்கூட்டியே சொல்லாமல் ஒரு கேள்வியைப் போட்டு, பிள்ளைகளே செய்து பார்த்துக் கண்டுபிடிக்க விடுவது, அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்பில் முயன்றேன். 58 பேர். மணிக்கட்டில் நாடியை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கச் சொன்னேன். அப்புறம் மைதானத்தை இரண்டு சுற்று. ஓடி முடித்ததும் ஒரு எண்ணிக்கை, மூன்று நிமிஷம் கழித்து இன்னொன்று. கேள்வி: 'யாருக்குச் சீக்கிரம் இறங்குகிறது, ஏன்?' ஒருவன் 212 என்றான். கட்டைவிரலால் அமுக்கியிருக்கிறான், அந்த விரலுக்கே ஒரு துடிப்பு உண்டு, இரண்டும் கலந்துவிட்டது. நான் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளை அவன் கையை வாங்கி எண்ணிப் பார்த்து, 'விரலை மாத்துடா' என்றாள். ஒல்லியாக இருப்பவனுக்குத்தான் சீக்கிரம் இறங்கும் என்று பந்தயம் கட்டினார்கள். முதலில் இறங்கியது தினமும் சைக்கிள் மிதித்து வருகிற, கொஞ்சம் பருமனான பையனுக்கு. மணி அடித்தும் ஒருத்தரும் கலையவில்லை. எல்லா வகுப்பையும் இப்படி நடத்தலாம் என்பது என் கட்சி.

சுண்ணாம்புக்கோடு:
தம்பி, 34 வருஷம் மைதானத்தில் கோடு போட்டு ஓய்வு பெற்றவன் சொல்கிறேன். பீரியட் 40 நிமிஷம். வரிசை கட்டி வெளியே கொண்டுவர 7, திரும்ப 5. மிச்சம் 28. அதில் எண்ணி, பெருக்கி, எழுதி, பேசியது போக ஓடினது எவ்வளவு நேரம்? 5 வயதிலிருந்து 17 வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிஷமாவது மூச்சு வாங்குகிற மாதிரி உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. வீட்டுக்குப் போனால் டியூஷன், போன். ஓட இருக்கிற ஒரே நேரம் இதுதான். பரீட்சை நெருங்கினால் இதையும் கணக்கு சார் கடன் வாங்கிக்கொள்வார். இங்கேயும் நிற்கவைத்துக் கேள்வி கேட்டால் அதற்கு அறிவியல் பீரியட் என்றே பெயர் வைத்துவிடலாம்.

அப்புறம், குண்டு எறிதலிலும் உயரம் தாண்டுவதிலும் 'நீயே கண்டுபிடி' என்பது செல்லாது. கழுத்து குத்தி விழுந்து ஒருவன் கண்டுபிடித்தால் அவன் வீட்டுக்கு நீங்களா போய்ச் சொல்வீர்கள்?

லேப் டீச்சர்:
ஐயா, கேள்வி என்றாலே சும்மா நின்று பேசுவது என்று ஏன் வைத்துக்கொள்கிறீர்கள்? இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி கற்பித்த பங்கரும் தார்ப்பும் 1982-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். பந்தைத் தட்டவும் எறியவும் தனித்தனியாகப் பழகிய பிள்ளைகள், ஆட்டம் என்று வந்ததும் எப்போது எதைச் செய்வது என்று தெரியாமல் நிற்கிறார்கள். அதனால் முதலில் சின்னதாக ஒரு ஆட்டம். அதில் மாட்டிக்கொள்ளட்டும். 'இதுக்கு என்ன பண்றது' என்று அவர்களே கேட்கும்போது திறனைச் சொல்லிக்கொடு என்கிறார்கள். ஓட்டம் நிற்பதே இல்லையே.

சுண்ணாம்புக்கோடு:
அங்கே ஒரு வாத்தியாருக்கு 58 பிள்ளையும் இரண்டு பந்துமா, மேடம்?

ஏழாம் வகுப்பு அப்பா:
நான் சுண்ணாம்புக்கோடு ஐயா பக்கம். தனியார் பள்ளியில் படிக்கும் என் மகளுக்கு 'சரிவிகித உணவு பற்றி ஆராய்ந்து வா' என்று கொடுத்தார்கள். ஆராய்ந்தது யார்? நானும் பிரவுசிங் சென்டர்காரரும். கலர் பிரிண்ட் எடுத்து சார்ட்டில் ஒட்டினோம். மதிப்பெண் வந்தது. சார்ட் இப்போது பீரோ மேலே இருக்கிறது. இதற்கு ஆய்வுக் கட்டுரையே இருக்கிறது: கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்று மூன்று பேர் 2006-ல் எழுதியது. புதிதாகக் கற்பவனை அதிகம் வழிகாட்டாமல் விட்டால் அவன் மூளை தேடுவதிலேயே களைத்துவிடும், கற்பதற்கு இடமிருக்காது என்பது அவர்கள் வாதம்.

லேப் டீச்சர்:
அவர்கள் சொல்வது வழிகாட்டாமல் கைவிடுவதைப் பற்றி. உங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான், சார். விசில்காரன் பக்கத்திலேயே நிற்கிறாரே.

முனைக்கம்பம்:
நான் மாவட்ட அளவில் கோ-கோ ஆடியவள். எங்கள் சார் சிங்கிள் செயினை, அதாவது உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடுவதை, மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்ய வைத்தார். இரண்டு வருஷம் ஆடியும் அது ஏன் பலிக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதனால் விளையாட்டில் கேள்வி வேண்டும் என்றுதான் சொல்வேன்.

ஆனால் உடல்நலப் பாடத்தில் எனக்குப் பயம். நான் ஏழாவது படிக்கும்போது எடை பார்த்து, வகுப்பு முன்னாலேயே ஒவ்வொருத்தர் எண்ணையும் சத்தமாகப் படித்தார்கள். அந்த வருஷம் முழுக்க எனக்கு அந்த எண்தான் பெயர். விசில்காரன் சார், அந்தப் பருமனான பையனின் நாடிக்கணக்கு 58 பேருக்கும் தெரிந்ததா இல்லையா? அவனுக்கு முதலில் இறங்கியதால் கதை நல்லபடியாக முடிந்தது. கடைசியில் இறங்கியிருந்தால்?

விசில்காரன்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை, மேடம். தப்புதான். அடுத்த தடவை பேர் எழுதாத சீட்டு.

ஐயா கேட்ட ஓட்டக் கணக்குக்கு வருகிறேன். இந்த வாரம் கோ-கோ. உட்காருகிற எட்டுப் பேரையும் வேண்டுமென்றே ஒரே பக்கம், கிழக்கே பார்த்து உட்காரவைத்தேன். 'விதிப்படி மாறி மாறித்தானே சார் உட்காரணும்?' என்றார்கள். 'இன்னைக்கு இப்படித்தான், ஆடுங்க' என்றேன். துரத்துகிறவள் கிழக்கே இறங்கினாள். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, கோ முதுகுப் பக்கமிருந்துதான் கொடுக்க வேண்டும். அவளுக்கு எதிரே இருப்பதோ எட்டு முகம். கம்பத்தைச் சுற்றி மேற்கே வந்து ஒரு முதுகைத் தொடுவதற்குள், ஓடுகிறவன் இடைவெளியில் புகுந்து அந்தப் பக்கம் போய் நின்று சிரிக்கிறான். நாலாவது நிமிஷத்தில் உட்கார்ந்திருந்த ஒருவன் கத்தினான்: 'சார், ஆளுக்கொரு பக்கம் உக்காந்தாத்தான் கோ குடுக்க முதுகு கிடைக்கும்!' இதற்காக நான் ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை.

சுண்ணாம்புக்கோடு:
ஒரு ஆடுகளத்தில் உட்காருகிறவர் எட்டு, துரத்துகிறவர் ஒன்று, ஓடுகிறவர் மூன்று. ஆக 12. எத்தனை ஆடுகளம்?

விசில்காரன்:
இரண்டு. மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றினேன்.

சுண்ணாம்புக்கோடு:
அப்போ 34 பேர் வேடிக்கை. மூன்று நிமிஷம் ஓட ஆறு நிமிஷம் வரை காத்திருப்பு.

விசில்காரன்:
ஆமாம்.

முனைக்கம்பம் மேடத்துக்கு ஒன்று. பேர் இல்லாத சீட்டை நேற்றே ஆரம்பித்துவிட்டேன். வாராவாரம் கொடுக்கிற நீல இரும்புச் சத்து மாத்திரை பாதி சாக்கடையில் கிடக்கும். 'விழுங்கினாயா, எறிந்தாயா, ஏன்?' என்று கேட்டேன். நிறையச் சீட்டில் 'வயித்தப் பிரட்டுது'. அடுத்த கேள்வி, வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா? பிரட்டியது பெரும்பாலும் வெறும் வயிற்றில் போட்டவர்களுக்கு. எனக்கே முழுசாகத் தெரியாததால் கிராம செவிலியரைக் கூப்பிட்டேன். சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கள், கூடவே டீ குடிக்காதீர்கள், சத்து உடம்பில் சேராது என்றார்.

ஏழாம் வகுப்பு அப்பா:
முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்குமே?

விசில்காரன்:
வருஷா வருஷம் பிரேயரில் மைக் போட்டுச் சொல்கிறோம், சார். மாத்திரை சாக்கடையில்தான் கிடக்கிறது.

முனைக்கம்பம்:
சீட்டை அப்புறம் என்ன செய்தீர்கள்? கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள், சார். எங்கள் வகுப்பாக இருந்தால் பத்தே நிமிஷம்.

விசில்காரன்:
கிழித்துப் போட்டேன். அடுத்த முறை எழுத வைக்காமல், விழுங்கியிருந்தால் புளியங்கொட்டை, எறிந்திருந்தால் கூழாங்கல் என்று போடச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

சுண்ணாம்புக்கோடு:
ஒரே பக்கம் உட்காரவைத்துப் பார்க்கலாம் என்று 34 வருஷத்தில் எனக்குத் தோன்றவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். குண்டு எறிதல் விஷயத்தில் என் பேச்சில் மாற்றமில்லை. அந்த 34 பேர் நின்றதும் நின்றதுதான். மூன்றாவது ஆடுகளத்துக்கு இடம் இருக்கிறதா? கம்பம் இல்லாவிட்டால் நல்ல மூங்கில் கழியாகப் பார்த்து மேல்முனையை வழவழப்பாகச் சீவி நடு.

விசில்காரன்:
மேற்குப் பக்கம் இருக்கிறது, ஐயா. கருவேலம் மண்டிக் கிடக்கிறது, வெட்ட வேண்டும்.

சுண்ணாம்புக்கோடு:
சனிக்கிழமை அரிவாளோடு வருகிறேன். முள்ளை நீங்களே பொறுக்குங்கள், பிள்ளைகளை விடாதீர்கள்.