காட்டன் பேப்பரில் கறுப்பு பச்சையடிக்கிறது

மயிலாப்பூரில் சின்ன அளவில் ஆர்ட் பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறேன். 17 அங்குல, 10 நிற பிக்மென்ட் இங்க் பிரிண்டர். 310 ஜிஎஸ்எம் மேட் காட்டன் பேப்பர். மூன்று வாரத்துக்கு முன் புதுப் பெட்டி பிரித்ததிலிருந்து கறுப்பு வெளுத்து, லேசாகப் பச்சையடிக்கிறது. கிளாஸி பேப்பரில் இந்தத் தொல்லை இல்லை.

வாட்டர்கலர் ஓவியர் ஒருவரின் தெப்பக்குளப் படம். நனைந்த படிக்கட்டின் நிழல் பாசி பிடித்த மாதிரி வந்திருக்கிறது. பெரியவர் ஒரிஜினலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது நான் பூசின கறுப்பு இல்லையே" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

நாசில் செக் (இங்க் துளை அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) சுத்தமாக இருக்கிறது. மேட் பேப்பருக்கான மேட் பிளாக் இங்க்தான் ஓடுகிறது. பேப்பர் கம்பெனியின் ஐசிசி ப்ரொஃபைல் (இந்தப் பேப்பரில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு), டிரைவரில் கலர் மேனேஜ்மென்ட் ஆஃப், நிறத்தை மாற்றும் முறை ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், படத்தின் கறுப்பைப் பேப்பரின் கறுப்போடு பொருத்தும் பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன் ஆன். 24 மணி நேரம் காயவிட்டு, 5000 கெல்வின் விளக்கிலும் ஜன்னல் வெளிச்சத்திலும் பார்த்தாயிற்று. பேப்பரைத் திருப்பிக்கூடப் போட்டேன் (சிரிக்காதீர்கள்), இன்னும் மோசம். மானிட்டர் போன மாதம்தான் காலிபரேட் செய்தது.

மீதி 22 ஷீட் இருக்கிறது, வீணடிக்க மனமில்லை. இந்தப் பெட்டிக்கென்று தனியாக ப்ரொஃபைல் எடுத்தால் கறுப்பு சரியாகுமா, இல்லை இங்க்கைப் பிடிக்கும் பேப்பர் கோட்டிங்கே ஈரத்தில் கெட்டிருக்குமா?