ஓரிதழ்தாமரையோடு ஐந்து மழைக்காலம்

மூலைக்கரைப்பட்டியிலிருந்து:

ஓரிதழ்தாமரை என்ற சின்ன மூலிகைச் செடியை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க முடியுமா என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். முடியும். எனக்கு அது கைவர ஐந்து மழைக்காலம் ஆயிற்று. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உங்கள் பக்கம் எப்படி என்று நீங்களும் சொல்லுங்கள்.

எங்கள் தோட்டம் செவல் மண். ஒரு முழம் தோண்டினால் சரளை வந்துவிடும். தென்மேற்கு மழை மலையோடு நின்றுவிடுகிறது. எங்களுக்கு வாய்ப்பது ஐப்பசி, கார்த்திகை மழைதான். கிணறு சித்திரையில் தரை காட்டிவிடும், அதனால் மோட்டார் போட்டுப் பூச்செடி வளர்க்கும் எண்ணமே எனக்குக் கிடையாது. மழையோடு வந்து மழை ஈரத்தோடு முடிந்துபோகிற செடிகள் மட்டும் போதும் என்று தும்பை, விஷ்ணுகிராந்தி, கவிழ்தும்பை எல்லாவற்றையும் களை என்று வெட்டாமல் விட்டுவைத்தேன். ஓரிதழ்தாமரை மட்டும் தானாக வரவில்லை.

சின்ன வயதில் ஆடு பத்திக்கொண்டு போகும் பொட்டலில் மழை விட்டதும் காலடியெல்லாம் அதுதான் பூத்திருக்கும். ஒரு சாண் உயரச் செடி, ஒல்லி இலை, இலைக்கக்கத்தில் ஒற்றை இளஞ்சிவப்பு இதழ். இப்போது அந்தப் பொட்டலில் தேடினாலும் அகப்படுவதில்லை. மருந்துக்குச் சமூலமாக, அதாவது வேர் முதல் பூ வரை முழுச் செடியாக, வேண்டும் என்று வேரோடு பிடுங்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு போகிறார்கள். பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே பிடுங்கிவிட்டால் அடுத்த மழைக்கு முளைக்க மண்ணில் என்ன இருக்கும்? மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காய் வெடிக்கும் வரை பொறுக்கலாமே என்றுதான் ஒவ்வொரு முறையும் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

2020 கார்த்திகையில், பிளாட் போடக் கல் நட்டிருந்த ஓர் இடத்தில் ஆறு செடிகளைப் பார்த்தேன். எப்படியும் ஜேசிபி வரப்போகிறது என்று மண்ணோடு பெயர்த்துக்கொண்டு வந்தேன். ஐந்து செத்துவிட்டன. வேர் நேரே கீழே இறங்குகிற செடி, அந்த முனை அறுந்தால் பிறகு நிமிர்வதில்லை. பிழைத்த ஒன்றுதான் எங்கள் தோட்டத்துக்கு ஆதி.

அந்த ஒரு செடியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் பெயரில் உள்ள ‘ஓரிதழ்’ முழு உண்மை இல்லை என்று தெரிந்தது. இதழ் ஐந்து உண்டு. நான்கு எள்ளளவுக்குச் சிறுத்துப்போய், கீழிதழ் மட்டும் அகன்று முன்னால் தொங்குகிறது. வயலா பூ இருக்கிறதே, அதன் குடும்பம்தான் இதுவும். காய் மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. பச்சை மாறி வைக்கோல் நிறம் வந்ததும் மூன்றாகப் பிளக்கும். பிளந்த ஒவ்வொரு பாளமும் படகு போல இருக்கும், காயக் காய இரு ஓரமும் நெருங்கி உள்ளே இருக்கும் விதையைப் பிதுக்கித் தெறிக்கவிடும். நிறம் திரும்பிய காய்களைப் பறித்து ஒரு சம்படத்தில் போட்டு மூடி, தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். மறுநாள் வெயில் ஏற ஏற உள்ளே ‘டிக், டிக்’ என்று தகரத்தில் அடிக்கிற சத்தம். என் பேத்தி அதைக் காதில் வைத்துக்கொண்டு கீழே வைக்கவே மாட்டேன் என்றுவிட்டாள். அறிவியல் பெயரில் வருகிற ‘என்னியாஸ்பெர்மஸ்’ என்றால் ஒன்பது விதை என்று பொருள். அதற்காக ஒரு காயை வெள்ளைத் துணியில் பிரித்து எண்ணினோம், எட்டு இருந்தது.

அந்த விதையை 2021 மாசியில் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்த தட்டில் போட்டு தினமும் தண்ணீர் தெளித்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. வைகாசியில் தட்டோடு கிணற்று மேட்டில் கொட்டிவிட்டு மறந்தும் போனேன். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்தது. கொட்டின இடத்தில் பதினோரு செடி! கோடை வெயிலில் மண்ணோடு வெந்து கிடந்த பிறகுதான் அந்த விதைக்கு முளைக்கத் தோன்றுகிறது போல. அதன் பிறகு நான் புது விதையை உடனே போடுவதே இல்லை. ஆவணி கடைசியில், மழைக்கு முன்னால், காய்ந்த மண்ணில் தூவி, மேலே விரற்கடைக்குச் சரளை பரப்பி விடுவேன். எருவும் கிடையாது. மழைக்கு நடுவில் இருபது நாள் காய்ந்தால் மட்டும் சாயங்காலம் ஒரு பூவாளி. வேறு ஒன்றும் தேவைப்படவில்லை.

2022இல் நாற்பது செடிக்கு மேல் வந்தது. மார்கழியில் ஒரு காலை போய்ப் பார்த்தால் பாதி மொட்டையாக நிற்கிறது. செந்தவிட்டு நிறத்தில், உடம்பெல்லாம் முள்ளாகப் புழுக்கள். வேப்பெண்ணெயில் சோப்பு கரைத்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டியும்விட்டேன். அப்போதுதான் ஒரு செம்மஞ்சள் பட்டாம்பூச்சி, கறுப்புப் புள்ளி போட்டது, அவசரமே இல்லாமல் மெல்லப் பறந்து வந்து இலையில் உட்கார்ந்து வயிற்றை வளைத்து மஞ்சள் முட்டை வைத்தது. அது இந்தச் செடியையும் சிறுபூனைக்காலியையும் நம்பிப் பிழைக்கிற பூச்சி என்று பிறகு தெரிந்துகொண்டேன். தெளிப்பானை இறக்கி வைத்துவிட்டு, புழுக்களைக் குச்சியில் ஏற்றி வேலியில் படர்ந்திருந்த சிறுபூனைக்காலிக்கு மாற்றினேன். அதையும் நன்றாகத் தின்றன. வேலிக் கம்பியில் வெள்ளையில் கறுப்புக் கோடும் ஆரஞ்சுப் பொட்டுமாகக் கூட்டுப்புழுக்கள் தொங்கின. மொட்டையான செடிகளில் முக்கால்வாசி தை மாதம் மறுபடி துளிர்த்தன.

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். இப்போது மற்றவர்கள் சொல்லுங்கள்.

திசையன்விளையிலிருந்து:

அண்ணாச்சி, சம்படத்துச் சத்தத்தை வாசித்ததும் எழுந்து போய் எங்கள் வீட்டு டப்பாவை ஆட்டிப் பார்த்தேன்.

எங்களுக்குத் தேரி மண், அதாவது செம்மணல். பெய்கிற மழையை எல்லாம் குடித்துவிடும், அதனால் வேர் அழுகும் கவலை இல்லை. தொல்லை காற்றுதான். ஆனி, ஆடியில் மணல் எழும்பி விதை கிடந்த இடமே தெரியாமல் போய்விடும். இரண்டு வருடம் விதைத்தது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மூன்றாவது வருடம் என் மாமியார் சொன்னபடி, மேற்கே பனைமட்டை ஊன்றி ஓலை கட்டி ஒரு தடுப்பு வைத்து, விதைத்த இடத்திலும் பழைய ஓலையைப் பரப்பினோம். புரட்டாசியில் ஓலையை எடுத்தோம், ஐப்பசியில் முளைத்தது.

இன்னொன்றும் பார்த்தேன். எறும்பு. கீழே தெறித்த விதையைச் சிற்றெறும்பு ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போகும். முதலில் எறும்புப் பொடி போடலாமா என்று நினைத்தேன், நல்லவேளை போடவில்லை. மறுவருடம் எறும்புப் புற்று இருந்த இடத்தைச் சுற்றித்தான் நாற்று நெருக்கமாக வந்தது.

எங்கள் செடியில் இரண்டு மட்டும் அடித்தண்டு கட்டையாகி, கோடையிலும் சாகாமல் நின்று மறுமழையில் துளிர்த்தன. மற்றதெல்லாம் பங்குனிக்குள் காய்ந்துவிடும்.

பாளையங்கோட்டையிலிருந்து:

எங்களுக்கு மாடி மட்டும்தான். திசையன்விளை அக்கா அனுப்பிய விதையைத்தான் தொட்டியில் போட்டேன். முளைத்தது. தண்ணீர் மிச்சம் பிடிக்கிறேன் என்று பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றினேன். சோப்போ உப்போ, மண் மேல் வெள்ளையாகப் பூத்து இரண்டு வாரத்தில் எல்லாம் கருகிவிட்டது. அந்தத் தண்ணீரை இப்போது வாழைக்கு விடுகிறேன். இந்த வருடம் ஓட்டை நிறையப் போட்ட ஆழத் தொட்டி, பாதிக்குப் பாதி சரளை, மழைத் தண்ணீர் மட்டும். ஒன்பது செடி நிற்கிறது. பூ காலையில் நன்றாக விரிந்திருக்கிறது, வேலை முடிந்து சாயங்காலம் வந்து பார்த்தால் வாடிக் கிடக்கிறது. அதனால் பல் தேய்க்கும்போதே மாடிக்குப் போய்விடுகிறேன்.

மூலைக்கரைப்பட்டியிலிருந்து:

தம்பி, வாழைக்கு விட்டது சரி. தொட்டியில் காய் திரும்பும்போது பழைய வேட்டித் துணியில் விரல் உறை மாதிரி பை தைத்துக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் விதை மாடித் தளத்தில் தெறித்து, பெருக்கும்போது குப்பையோடு போய்விடும்.

வெள்ளத்தைச் சொல்கிறேன் என்றேன். 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் பெய்த மழை உங்கள் எல்லோருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் தோட்டத்தில் ஓடை உடைத்துக்கொண்டு கிணற்று மேட்டு மண்ணைச் சரளையோடு வாரிக்கொண்டு போய்விட்டது. செடிகள் அப்போதுதான் பிஞ்சு விட்டிருந்தன. பாத்தி இருந்த இடத்தில் பாறை தெரிந்தது. சம்படத்தில் மிச்சம் இருந்த ஒரு பிடி பழைய விதையை எடுத்து வைத்துக்கொண்டு, இனி எங்கே போடுவது என்று அந்தக் கோடை முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

2024 ஐப்பசியில் ஆடு தின்கிறதா பார்க்கக் கீழ் வரப்புக்குப் போனேன். மேட்டிலிருந்து எழுபது தப்படி இருக்கும். வெள்ளம் வண்டலை ஒதுக்கிவிட்டுப் போன கோட்டிலேயே, வரப்பை ஒட்டி வரிசையாக ஓரிதழ்தாமரை. இருபத்தெட்டு எண்ணினேன். ஒன்றில் பூ இருந்தது, அதன் அடியிலையில் ஒரு முள்ளுப்புழுவும் இருந்தது. சம்படத்து விதையைத் திறக்கவே இல்லை, தேவைப்படுகிறவர்கள் முகவரி அனுப்புங்கள்.