செய்தி கேட்கிறது, படம் போட்டால் சத்தமே இல்லை: ஒயர்லெஸ் ஸ்பீக்கர் இணைப்பில் உதவி தேவை

இரவுப்பறவை:
வணக்கம். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஒயர்லெஸ் ஸ்டீரியோ ஸ்பீக்கர் ஜோடி ஒன்று வாங்கியிருக்கிறேன். முதன்மை ஸ்பீக்கரின் பின்புறம் எச்டிஎம்ஐ ஏஆர்சி, ஆப்டிகல், ஆக்ஸ் (அனலாக் இன்புட்), ஈதர்நெட், ஒரு யுஎஸ்பி இருக்கின்றன. போனிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டு நன்றாகவே கேட்கிறது. மற்றதெல்லாம் தகராறு.

டிவியை ஆப்டிகலில் கொடுத்தேன். செய்தி சேனல் கேட்கிறது; ஓடிடி ஆப்பில் படம் போட்டால் சுத்தமாகச் சத்தம் இல்லை. லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் நேராக ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் லேப்டாப் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது. யுஎஸ்பியிலும் அதே கதை. பழைய சிடி பிளேயரில் கோஆக்சியல் டிஜிட்டல் அவுட்தான் இருக்கிறது, ஸ்பீக்கரில் அதற்கான துளை இல்லை. தெரிந்தவர் ஒருவர், "வெளியே ஒரு டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் பெட்டி) வாங்கி ஆக்ஸில் கொடு, எல்லாம் தீர்ந்துவிடும்" என்கிறார். வாங்கட்டுமா?

கம்பிவடம்:
வேண்டவே வேண்டாம். இந்த மாதிரி ஸ்பீக்கர்களில் டிஏசி உள்ளேயே இருக்கிறது. நீங்கள் வெளியே அனலாக்காக மாற்றி ஆக்ஸில் கொடுத்தால், பெரும்பாலான மாடல்கள் அதைத் திரும்ப டிஜிட்டலாக்கி, உள்ளே இருக்கும் டிஎஸ்பி என்ற ஒலிச் சிப்பில் பதப்படுத்தி, மறுபடி அனலாக்காக்கித்தான் ஒலிக்கவைக்கும். காசு கொடுத்து ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுகிறீர்கள், அவ்வளவுதான். மூலத்திலிருந்து ஸ்பீக்கர் வரை டிஜிட்டலாகவே கொண்டுபோவதுதான் வழி.

டிவி விஷயத்துக்கு வருவோம். கேபிளில் பழுதில்லை, இருந்தால் செய்தியும் கேட்காது. செய்தி சேனல் ஸ்டீரியோ, டிவி அதை பிசிஎம் (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) ஆக அனுப்புகிறது. படத்துக்கு ஓடிடி ஆப் டால்பி 5.1 (சுருக்கிய பல சேனல் ஒலி) தருகிறது, டிவி அதைப் பிரிக்காமல் அப்படியே ஆப்டிகலில் தள்ளிவிடுகிறது. ஸ்டீரியோ ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு டால்பியைப் பிரிக்கத் தெரியாது, அதனால் வாயை மூடிக்கொள்கின்றன. டிவியின் சவுண்ட் அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட் என்று ஒன்று இருக்கும். 'ஆட்டோ' அல்லது 'பாஸ்த்ரூ' என்று இருப்பதை 'பிசிஎம்' ஆக மாற்றுங்கள். 5.1 ஐ ஸ்டீரியோவாகச் சுருக்கும் வேலையை டிவியே பார்த்துக்கொள்ளும்.

அலைவரிசை:
லேப்டாப் சமாச்சாரம் நான் சொல்கிறேன். ஏஆர்சி என்பதன் வேலையே டிவியிலிருந்து ஒலியைத் 'திருப்பி' வாங்குவது. ஸ்பீக்கரின் அந்த எச்டிஎம்ஐ துளை டிவியை மட்டுமே எதிர்பார்க்கிறது. லேப்டாப் போன்ற மூலக்கருவியை அதில் சொருகினால் இரண்டுமே அவுட்புட் என்றாகிவிடும், ஒன்றுக்கொன்று பேசாது. லேப்டாப்பை டிவியின் வேறொரு எச்டிஎம்ஐயில் கொடுங்கள், ஒலி டிவி வழியாக வந்துவிடும். பாட்டு மட்டும் போதும் என்றால் வைஃபையே மேல்.

யுஎஸ்பி துளையைப் பற்றிக் கையேட்டைப் பாருங்கள். பல மாடல்களில் அது சர்வீசுக்கும் மென்பொருள் புதுப்பிப்புக்கும் மட்டும்தான். கணினி ஒலியை வாங்கும் என்று எழுதியிருந்தால் ஒழிய நம்ப வேண்டாம்.

கம்பிவடம்:
சிடி பிளேயருக்கு, கோஆக்சியலை ஆப்டிகலாக மாற்றும் சின்ன கன்வர்ட்டர் போதும். வாங்கும்போது திசையைப் பாருங்கள்: ஆப்டிகலிலிருந்து கோஆக்சியலுக்குப் போகும் பெட்டியும் பார்க்க அப்படியே இருக்கும், அது உங்களுக்கு உதவாது. பவர் அடாப்டர் வேண்டும். சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் எதுவும் குறையாது. இணைத்த பிறகும் சத்தம் வரவில்லை என்றால் ஸ்பீக்கர் பக்க முனையை வெளியே எடுத்துப் பாருங்கள், சிவப்பு ஒளி தெரிய வேண்டும். புது ஆப்டிகல் கேபிளின் முனையில் கண்ணுக்கே தெரியாத மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றிவிட்டுச் சொருகுங்கள்.

இரவுப்பறவை:
பிசிஎம் மாற்றியதும் படம் பேச ஆரம்பித்துவிட்டது, ரொம்ப நன்றி! ஆனால் டிவி ரிமோட்டில் சத்தம் கூட்டினால் ஸ்பீக்கரில் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம், ஸ்பீக்கரை வைஃபையில் சேர்த்தாயிற்று, ஆனால் போனின் காஸ்ட் (வைஃபை வழியே பாட்டை அனுப்பும் வசதி) பட்டியலில் வரவில்லை.

அலைவரிசை:
ஆப்டிகல் கேபிளில் ஒலி மட்டும்தான் போகும், ரிமோட் கட்டளை போகாது. அதற்கு எச்டிஎம்ஐ ஏஆர்சிக்கு மாறுங்கள். டிவியில் 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்று அச்சிட்ட துளையில்தான் சொருக வேண்டும், மற்றவற்றில் வேலை செய்யாது. சிஇசி அமைப்பு (ரிமோட் கட்டளையை எச்டிஎம்ஐ வழியே இன்னொரு கருவிக்கு அனுப்புவது) ஆன் ஆகியிருக்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். ஏஆர்சிக்கு மாறினாலும் பிசிஎம் அமைப்பு அப்படியே இருக்கட்டும். சில டிவிகளில் ஏஆர்சிக்கெனத் தனியாக அதை மாற்ற வேண்டியிருக்கும்.

வைஃபைக்கு: போனும் ஸ்பீக்கரும் ஒரே நெட்வொர்க்கிலா இருக்கின்றன? ஒன்று கெஸ்ட் நெட்வொர்க்கில் இருந்தால் மற்றதைப் பார்க்காது. ரவுட்டரில் 'ஏபி ஐசொலேஷன்' (வைஃபை கருவிகளை ஒன்றுக்கொன்று தெரியாமல் பிரிக்கும் அமைப்பு) ஆன் என்றாலும் அப்படித்தான். போனில் விபிஎன் ஓடினால் அணைத்துப் பாருங்கள், நிறைய பேருக்கு அங்கேதான் சிக்கல்.

மென்னிசை:
ப்ளூடூத் நன்றாகக் கேட்கும்போது இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? எல்டேக் என்ற உயர்தர ப்ளூடூத் கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) இருந்தால் 990 கேபிபிஎஸ் (நொடிக்கு கிலோபிட்) வரை போகுமே.

கம்பிவடம்:
போனும் ஸ்பீக்கரும் இரண்டுமே எல்டேக் பேசினால்தான். ஐபோனில் அது கிடையாது, ஏஏசி என்ற கோடெக்கோடு சரி. சிடி தரம் 1,411 கேபிபிஎஸ், அதை முழுதாகத் தாங்க வைஃபைதான் வேண்டும். இன்னொரு லாபமும் உண்டு: ஸ்பாட்டிஃபை கனெக்ட், காஸ்ட் போன்றவற்றில் ஸ்பீக்கரே இணையத்திலிருந்து பாட்டை நேராக இழுத்துக்கொள்ளும், போன் வெறும் ரிமோட்தான். அழைப்பு வந்தாலும் பாட்டு நிற்காது.

இரவுப்பறவை:
விபிஎன்தான். அணைத்ததும் ஸ்பீக்கர் பட்டியலில் வந்துவிட்டது. ஏஆர்சியும் வேலை செய்கிறது, ரிமோட்டில் சத்தம் கூடுகிறது. ஒன்றே ஒன்று மிச்சம்: உதடு அசைந்த பிறகு வசனம் வருகிற மாதிரி லேசாக இடிக்கிறது.

அலைவரிசை:
டிவியில் ஒலித் தாமத அமைப்பு பூஜ்யத்தில் இருக்கிறதா பாருங்கள். அந்த அமைப்பைக் கொண்டு ஒலியை இன்னும் தள்ளிப்போடத்தான் முடியும், முன்னால் இழுக்க முடியாது. டிவியின் சரவுண்ட், வசனத் தெளிவு போன்ற ஒலி ஜோடனைகளையும் அணைத்துவிடுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால், இரண்டு ஸ்பீக்கர்களையும் இணைக்கும் கேபிள் பெட்டியில் வந்திருக்கும், அதைச் சொருகுங்கள். ஸ்பீக்கர்களுக்கு இடையே ஒயர்லெஸில் போவதும் கொஞ்சம் நேரம் எடுக்கும்.