பள்ளி வாசலில் சாலைக் கடப்பு வேண்டும்: மனு எழுதிய அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பினாங்குத் தீவில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) எதிரே தமிழ்ப்பள்ளி இருக்கிறது. தினமும் காலையில் ஒரு பாட்டி, பேத்தியின் புத்தகப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, பிள்ளையின் மணிக்கட்டை இறுகப் பிடித்தபடி நடுரோட்டில் நிற்கிறார். இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள் உரசிக்கொண்டு போகின்றன. பார்க்கவே நெஞ்சு பதறுகிறது.

அங்கே ஒரு பாதசாரிக் கடப்பும் வேகத்தடையும் கேட்டு மாநகர் மன்றத்துக்கு மனு கொடுக்கப் போகிறோம். 64 வீடுகளில் கையெழுத்து வாங்கியாயிற்று. 1965-இல் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டதிலிருந்து கவுன்சிலர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசுதான் நியமிக்கிறது. அதனால் இந்தக் கையெழுத்துகளை நான் பெரிதாக நினைக்கிறேன்.

கடிதத்தை மலாய் மொழியில் எழுதுகிறேன். நகல் சட்டமன்ற உறுப்பினருக்கும் போகும். மூலக் கடிதத்தைக் கொம்தார் கட்டடத்தில் உள்ள மன்ற அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நம் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்க வேண்டும் என்பது வரை தெரியும்.

அப்புறம்தான் குழப்பம். அந்த ரோடு மாநகர் மன்றத்துடையதா, ஜேகேஆர் (பொதுப்பணித் துறை) உடையதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கையெழுத்துடன் அடையாள அட்டை எண்ணும் போட வேண்டுமா? 1976 உள்ளாட்சிச் சட்டப்படி மன்றத்தின் முழுக்கூட்டம் பொதுவாக மக்களுக்குத் திறந்ததுதான். யாராவது போய் உட்கார்ந்திருக்கிறீர்களா? முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டுமா?

இப்படி மனு கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் கடிதத்தைப் பெயர், முகவரி மறைத்து இங்கே போடுங்கள். அடுத்த வாரம் கொடுத்துவிட வேண்டும்.