கொலராடோ எல்க் வேட்டை: அவுட்ஃபிட்டர் முகாமா, நாமே உள்ளே போவதா?

மலைப்பாதை:
வணக்கம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், நவம்பர், மூன்றாவது ரைபிள் சீசன் (துப்பாக்கி வேட்டைக் காலம்). வெளிமாநிலத்தவர் இருவர், குலுக்கல் இல்லாமல் கவுண்டரில் வாங்கும் ஆண் எல்க் (பெரிய மான் வகை) லைசென்ஸ். மான் வேட்டை பழக்கம்தான், எல்க் புதிது. அவுட்ஃபிட்டர் (வேட்டை ஏற்பாட்டாளர்) வழிகாட்டியோடு நடத்தும் முழு முகாம் என்றால் ஆளுக்கு ஏழெட்டாயிரம் டாலர் கேட்கிறார்கள். கூடாரத்தை முதுகில் கட்டிக்கொண்டு நாங்களே ஐந்து மைல் காட்டுக்குள் போனால் அதில் கால்வாசிகூட ஆகாது. எதில் இறங்கலாம்?

கோவேறு:
எல்க் கிடைக்குமா என்பதை அப்புறம் பாருங்கள். கிடைத்தால் எப்படி வெளியே கொண்டுவருவீர்கள்? வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். எலும்பை எடுத்த பிறகும் கறி 80 முதல் 110 கிலோ. ஆளுக்கு 30 கிலோ சுமந்தால் கறிக்கே இரண்டு நடை, கூடாரத்துக்கும் எல்க் தலைக்கும் மூன்றாவது. ஐந்து மைலுக்குக் கணக்குப் போட்டால் ஒவ்வொருவருக்கும் 25 மைல், அதுவும் 10,000 அடி உயரத்தில், பனியில். கைவண்டியை நம்பாதீர்கள். வில்டர்னஸ் (சட்டப்படி இயற்கையாகவே விடப்பட்ட காடு) பகுதிக்குள் சுமை ஏற்றும் சக்கர வண்டி எதற்கும் அனுமதி இல்லை.

சொந்தமாகப் போவதானால் வண்டியிலிருந்து இரண்டு மைலுக்குள் செங்குத்தான, யாரும் இறங்க யோசிக்கும் ஒரு பள்ளத்தைத் தேடுங்கள். இனச்சேர்க்கையில் இளைத்துப்போன ஆண் எல்க் நவம்பரில் அடர்ந்த மரக்கூட்டத்தில் ஒதுங்கிக் கிடக்கும். அந்திசாயும்போது பக்கத்துத் தெற்குச் சரிவுக்குப் புல் மேய வரும். அதற்கு ஐந்து மைல் போகத் தேவையில்லை.

கரடித்தடம்:
நடுவழி ஒன்று இருக்கிறது: டிராப் கேம்ப். குதிரையிலும் கோவேறு கழுதையிலும் சாமானோடு கொண்டுபோய் விடுவார்கள். கேன்வாஸ் கூடாரம், விறகடுப்பு, கட்டில், பாத்திரம் அவர்களுடையது. சாப்பாடும் வேட்டையும் உங்கள் பொறுப்பு. செலவு முழு முகாமில் மூன்றில் ஒரு பங்கு அளவில் வரும்.

குறையும் சொல்கிறேன். முகாம் ஒரே இடத்தில் நிற்கும், எல்க் நிற்காது. ஓரிரவில் இரண்டடி பனி விழுந்தால் மந்தை கீழே இறங்கிவிடும். நீங்கள் கட்டிலோடு மேலே மாட்டிக்கொள்வீர்கள். அதே கூடாரத்தில் முந்தைய சீசனிலும் ஒரு கூட்டம் இருந்திருந்தால் சுற்றுவட்டாரமே கலைந்திருக்கும். முன்பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள். “கறியை இறக்கும் கூலி இதில் அடக்கமா, எத்தனை நாளில் குதிரை வரும்?” என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அவுட்ஃபிட்டருக்கு மாநிலப் பதிவும், தேசியக் காட்டில் தொழில் செய்ய வனத்துறை அனுமதியும் இருக்க வேண்டும்.

வழிகாட்டிக்குப் பணம் கொடுத்தாலும் எல்க் உறுதி கிடையாது. மாநில அளவில், எல்லா வேட்டைக்காரர்களையும் சேர்த்தால், சுமார் ஐந்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது.

மலைப்பாதை:
முகாம் எங்களுடையது, கறிக்கு மட்டும் குதிரைக்காரர் என்றால்?

கோவேறு:
இருவருக்கு நான் சொல்வதும் அதுதான். ஆனால் சுட்ட பிறகு போன் போட்டு ஆள் தேடாதீர்கள். சீசன் நடுவில் எல்லாக் குதிரையும் வேலையில் இருக்கும். அனுமதி உள்ள ஒருவரிடம் முன்கூட்டியே கூலி பேசி, சாட்டிலைட் கருவியில் செய்தி அனுப்பிப் பழகுங்கள். எலும்பெடுத்த ஒரு எல்க்குக்கு இரண்டு கழுதை போதும்.

குதிரை மறுநாள்தான் வரும், அதுவரை கறி கெடக்கூடாது. உறைபனி இருந்தாலும் தோலோடு விட்டால் இடுப்பு மூட்டைச் சுற்றி எலும்போரம் புளித்துவிடும். அந்தத் தோலும் முடியும் சூட்டை வெளியே விடாது. குடலை எடுக்க வேண்டாம். ஒரு பக்கமாகக் கிடத்தி, மேல்பக்கத் தோலை உரித்து, முன்சப்பை, பின்தொடை, முதுகுக்கறி, கழுத்துக்கறி என்று எடுத்துத் துணிப்பையில் போடுங்கள். பிறகு புரட்டி மறுபக்கம். உள்கறியைக் கடைசி விலா எலும்புக்குப் பின்னால் கைவிட்டு உருவலாம். ஆண் என்பதற்கான அடையாளம் (விதைப்பை போன்றது) கறியில் இயல்பாக ஒட்டியிருக்க வேண்டும், அவசரத்தில் அறுத்துவிடாதீர்கள். பைகளை நிழலில், காற்றுப்படும் கிளையில், குடல் கிடக்கும் இடத்திலிருந்து 100 கெஜமாவது தள்ளித் தொங்கவிடுங்கள். கரடி முதலில் குடலுக்குத்தான் வரும்.

கரடித்தடம்:
ஒன்று விட்டுப்போனது. லைசென்ஸ் கிடைக்கவில்லை என்று வயோமிங்குக்கு மாறினால் இந்தத் திட்டம் அப்படியே செல்லாது. அங்கே வில்டர்னஸ் பகுதியில் வெளிமாநிலத்தவர் பெரிய விலங்கு வேட்டையாட லைசென்ஸ் பெற்ற வழிகாட்டியோ, அதற்கான அனுமதி வாங்கிய உள்ளூர்வாசியோ கூட வர வேண்டும்.