புதுப்பிப்பு: வீரனை இழந்த கறுப்பி இப்போது எப்படி இருக்கிறாள்?

எங்கள் நாய் வீரன் இறந்தபின் இன்னொரு நாயான கறுப்பி சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறாள், நாய்க்கும் துக்கம் உண்டா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இப்போது சாப்பிடுகிறாள், ஆனால் தட்டில் மிச்சம் வைக்கிறாள். கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். ரத்தப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. (நோயாலும் பசி போகும், பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.)

"அது துக்கமல்ல, வெறும் பழக்கம்" என்று பதில் எழுதினார் ஒருவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. உடன் வாழ்ந்த நாயை இழந்த நாய்களைப் பற்றி இத்தாலியில் 426 பேரிடம் கேட்டறிந்த ஆய்வு 2022-இல் வெளியானது. சுமார் 86 சதவீதம் பேர் மிஞ்சிய நாயிடம் மாற்றம் கண்டிருந்தார்கள்: மனிதரை அதிகம் ஒட்டிக்கொள்வது, விளையாட்டும் உணவும் குறைவது. எத்தனை ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தன என்பதைவிட எவ்வளவு நெருக்கம் என்பதுதான் கணக்கில் வந்தது. உரிமையாளரின் துயரம் கூடிய வீடுகளில் நாயின் அச்சமும் கூடியிருந்தது. இதைப் படித்துக் காட்டியபின் அம்மா அழுவதை நிறுத்திவிடவில்லை. அழுது முடித்துக் கறுப்பியை நடக்க அழைத்துப்போகிறார். அவளுக்கு அந்த நடை பிடித்திருக்கிறது.

புதுக் குட்டி வாங்கச் சொன்னவர்களுக்கு: இப்போதைக்கு இல்லை. கறுப்பி முதலில் பந்தைத் தொடட்டும், பிறகு யோசிக்கிறோம்.