புது கிரவுன் பினியன் போட்ட பிறகு ஹவுசிங் சூடு: உங்கள் வண்டியில் எவ்வளவு?

போன மாதம் என் பிக்கப்புக்கு கிரவுன் பினியன் செட் (பின் ஆக்சிலில் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொடுக்கும் பல்சக்கர ஜோடி) மாற்றினேன், பேரிங்கும் சேர்த்து. சாவியைக் கொடுக்கும்போதே மெக்கானிக் அண்ணன் சொல்லிவிட்டார், முதலில் வெறும் வண்டியாக இருபது நிமிடம் ஓட்டு, நிறுத்தி நன்றாக ஆறவிடு, அப்புறம் மறுபடி ஓட்டு, 800 கிலோமீட்டர் வரை லோடு பக்கமே போகாதே என்று.

சரி என்று 25 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் குனிந்து அந்தப் பல்சக்கரங்களை மூடியிருக்கும் ஹவுசிங்கைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை. கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றிச் சூடு பார்க்கும் கருவியைக் காட்டினேன், அது காய்ச்சலுக்கு மேல் தெரியாமல் சும்மா கத்தியது. டயர் கடைக்காரரிடம் ஒர்க்‌ஷாப் கருவி இருந்தது, வாங்கிப் பிடித்தால் 91 டிகிரி! பயந்துபோய் மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன். "புதுப் பல் தம்பி, உரசிப் படிகிற வரைக்கும் சூடு வரத்தான் செய்யும்" என்றார். கிரவுன் பினியனில் இருக்கும் இந்த ஹைபாய்டு வகைப் பல் உருள்வதோடு நிற்காது, வழுக்கி உரசவும் செய்யும், அதிக அழுத்தம் தாங்கும் ஜிஎல்-5 தர கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்பது அதற்காகத்தான். மூன்றாம் நாள் அதே ரோட்டில் 76.

780 கிலோமீட்டரில் ஆயிலை இறக்கினேன். சில்வர் பெயின்ட் கலக்கியதுபோல மினுமினுவென்று வந்தது. ஆயில் இறக்கும் காந்த போல்ட்டில் மைபோல அப்பியிருந்ததை விரலில் தேய்த்துப் பார்த்தேன், நெறுநெறுப்பு இல்லை. பொடி வரலாம், சில்லு வந்தால்தான் கவலை. புது 80டபிள்யூ-90 கியர் ஆயில் ஊற்றியாயிற்று, இப்போது அதே ரோட்டில் 70-ஐத் தாண்டுவதில்லை.

பதில் 1
நான் செய்த கூத்தைக் கேளுங்கள். டிப்பருக்கு செட் மாற்றிய மறுநாளே எம் சாண்ட் ஏற்றினேன், டியூ கட்ட வேண்டாமா? நாலாவது நடையில் ஆயில் கருகின வாடை, ஆக்சிலரேட்டரை விட்டால் ஊளைச் சத்தம். கழற்றிப் பார்த்தால் பல்லெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. பல்லின் கெட்டித்தன்மையே போய்விட்டது, இனி ஆயில் மாற்றி ஒன்றும் ஆகாது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். இன்னொரு செட் வாங்கினேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பதில் 2
அண்ணே, ஒரே இடத்தில் பிடித்துப் பார்க்காதீர்கள். என் ஜீப்பில் நடுவில் 80, பினியன் மூக்கில் (ஹவுசிங்கில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) மட்டும் 118. பேரிங்கை அளவுக்கு மேல் இறுக்கியிருந்தார்கள், தளர்த்தி மாட்டியதும் இறங்கியது. அப்புறம், ஆயில் கூட இருந்தால் நல்லதுதானே என்று ஊற்றும் ஓட்டைக்கு மேல் போகும்படி வண்டியைச் சாய்த்து ஊற்றிவிடாதீர்கள். நுரைத்துச் சூடேறி, சீல் வழியாகக் கசிந்து பிரேக் டிரம்முக்குள் போய்விடும்.

நீங்கள் மலை ஏற்றிப் பார்த்தீர்களா?

பதில் 3 (திரி தொடங்கியவர்)
பார்த்தேன் தம்பி. ஆயில் மாற்றி ஒரு வாரம் கழித்துப் பாதி லோடோடு கொல்லிமலை. 70 வளைவும் ஏறி மேலே பிடித்தேன், 97. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் 81.